மொனாக்கோ காசுக்கு ஒரு நேர்த்தி

மொனாக்கோ என்ற குட்டிச் சிற்றரசு 1650இல் அடித்த அபூர்வ வெள்ளிக் காசைத் தொலைத்துவிட்டு, வால்தம்ஸ்டோ வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாணயக் கண்காட்சி. அங்கே அதை வைக்காவிட்டால், லண்டன் முழுக்க நான் அளந்த பெருமையெல்லாம் காற்றோடு போய்விடும்.

"அழாதேங்கோ. அது கிடைக்க வேணுமெண்டு மஞ்சள் துணியில காசு முடிஞ்சு பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறன்" என்றாள் மனைவி யோகமலர்.

"எல்லாம் கார்டில வாங்கிற உமக்குக் காசு எங்கால?"

"உங்கட காற்சட்டையைத் தோய்க்கப் போடேக்க, பொக்கெற்றுக்குள்ள ஒரு கறுத்த காசு கிடந்தது."

சாமியறைக்குப் பாய்ந்து முடிச்சை அவிழ்த்தேன். காசின் முகப்பில், மூக்கில் மஞ்சளோடு மொனாக்கோ இளவரசர்! அவரைக் கொஞ்சினேன்.

யோகமலர் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களே, பிள்ளையார் தந்திட்டார்! வெளிக்கிடுங்கோ, நேர்ந்த காசை இண்டைக்கே உண்டியலில போட வேணும்."