பத்துக்குப் பத்து

"வீட்டுல சும்மாவே உட்கார்ந்திருக்கான். இவனுக்கு எந்த வேலை சரிப்படும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா."

மகனைத் தள்ளாத குறையாக உள்ளே கொண்டுவந்து விட்டார் அப்பா. வேலை ஆலோசகருக்கு இந்த மாதிரி அப்பாக்கள் பழக்கம்தான். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கணும். கணக்கு எழுதற வேலை பிடிக்குமா? பத்துக்கு எவ்வளவு?"

மகனின் பார்வை கதவுக்குப் போனது. "ஒண்ணு. மெதுவாப் பேசுங்க, அப்பா காதுல விழுந்துடப் போகுது."

"தச்சு வேலை?"

"பத்துக்குப் பத்து!" முகமெல்லாம் பல்.

ஆலோசகர் மேஜையிலிருந்த படிப்புச் சான்றிதழைப் பார்த்தார். "அப்புறம் ஏன் கணக்குப் படிச்சீங்க?"

"அப்பா சொல்லிட்டாரே, மீற முடியுமா?"

ஆலோசகருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று வெளியே போனார்.

"ஐயா, உங்க பிள்ளைக்குத் தச்சு வேலையிலதான் மனசு. இனிமேலாவது அவர் இஷ்டத்துக்கு விடுங்களேன்!"

அப்பா கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"நல்லா இருக்கும்மா நியாயம்! போன மாசம்தான் ரிட்டயர் ஆனான், அதுக்குள்ள விளையாட்டுப் புத்தி. இப்பவே இப்படின்னா, பெரியவன் ஆனதும் என்ன பண்ணுவானோ!"