ஆல்ட் 24

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். குளியலறைக்கு வெளியே இருந்த சுவிட்சைப் போட்டான். தண்ணீர் சுடும்வரை ஜன்னலோரம் நின்று தேநீர் குடித்தான். குளித்தான். சுவிட்சை அணைத்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினான். நாலு படி இறங்கினான். திரும்பி ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், சுவிட்சில் இருக்கும் சிவப்புப் பொட்டு எரியவில்லை என்று பார்த்தான். விரலாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

ஒரு வருடமாக இப்படித்தான். ஒரு நாள்கூட அது எரிந்துகொண்டிருந்ததில்லை. அதற்கு முன்பும் எரிந்துகொண்டிருந்ததில்லை.

அச்சகத்தில் அவன் பக்கம் வடிவமைப்பவன். அன்றைக்கு அவன் மேசைக்கு வந்திருந்தவை இரண்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் சேர்க்கை விண்ணப்பம். அவன் மனைவியின் ஓராண்டு நினைவு அட்டை.

அட்டையில் என்ன வரவேண்டும் என்று அவளுடைய அண்ணன் காலையிலேயே அனுப்பியிருந்தார். படம், இரண்டு தேதிகள், கீழே ஒரு வரி: ‘எங்கள் செல்லம் கடைசியாகச் சொன்னது.’ அதற்கும் கீழே ஓர் அம்பு.

மேல்நோக்கிய அம்பு. ↑

அவள் இறந்த அன்று மருத்துவமனையில் அவனுடைய ஃபோனை வாங்கி வைத்திருந்தவர் மச்சான்தான். பூட்டிய திரையில் அவள் பெயரும் அந்த அம்பும் மட்டும் தெரிந்தன.

“பாத்தீங்களா மாப்ள, மேல போறேன்னு சொல்லிட்டே போயிருக்கா.”

அழுதுகொண்டிருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பார்த்தார்கள். பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

அந்த அம்பை அவளுக்குக் கொடுத்ததே அவன்தான்.

அவள் வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதுகிறவள். அவன் மேசைக்கு வந்த அவளுடைய முதல் கையேட்டில், அம்பு வரவேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு கோட்டையும் ஒரு முனையையும் ஒட்ட வைத்து ஒப்பேற்றியிருந்தாள். அவன் ஃபோனில் கூப்பிட்டு, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலதுபக்க எண்களில் 24 தட்டினால் மேல் அம்பு, 25 தட்டினால் கீழ் அம்பு என்று சொல்லிக்கொடுத்தான்.

“ஓ, அம்பு விட ட்யூஷன் வேற எடுக்குறீங்களா?” என்றாள்.

அதிலிருந்து எட்டாவது மாதம் கல்யாணம்.

பிறகு அம்புகளே அவர்கள் பாஷையாகிவிட்டன. வலது அம்பு என்றால் கிளம்பிவிட்டேன். இடது என்றால் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். மேல் அம்பு என்றால், மேலே பார், ஒன்று கேட்டிருக்கிறேன், பதில் எங்கே. ஒரே கேள்வியை இரண்டு தரம் தட்ட அவளுக்குச் சோம்பல். பதில் போட அவனுக்குச் சோம்பல். அவனுக்கு வந்து குவிந்தவை எல்லாம் மேல் அம்புகள்தான்.

கடைசி அம்பையும் அவன் பூட்டிய திரையிலேயே பார்த்தான். ஒன்பது ஐம்பதுக்கு. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பதில் போடலாம் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

பத்தரைக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள்.

மச்சானுக்கு இன்றுவரை ஒன்றுதான் பிடிபடவில்லை. அலுவலகத்துக்கு பஸ் ஏறியவள் ஏன் பாதி வழியில் இறங்கினாள்? வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க எதற்காக அந்தச் சாலையைக் கடந்தாள்? பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவனும் ஒவ்வொரு தடவையும் “தெரியல மச்சான்” என்பான்.

அட்டையைத் தாளில் எடுத்து, மெய்ப்பு பார்க்கும் அக்காவிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“என்ன தம்பி, இங்க ஒரு ஜன்னல் வச்சிருக்க?”

அம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. அவன் போட்டிருந்த எழுத்துருவில் அம்பு கிடையாது. தன்னிடம் இல்லாத குறிக்கு அது கட்டத்தைத்தான் வைக்கும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறு.

“எடுத்துடேன். அது இல்லாமலே அட்டை நல்லாத்தான் இருக்கு” என்றார் அக்கா. பிறகு படத்தைப் பார்த்தார். தாளை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

எடுத்துவிடலாம். எழுத்துரு சரியில்லை மச்சான் என்று சொன்னால் அவர் நம்புவார். எடுக்காமல் வேறு எழுத்துருவில் சரிசெய்தும் கொடுக்கலாம். எல்லோரும் அம்பைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

இருக்கைக்குத் திரும்பினான். கட்டத்தைத் தேர்ந்து எழுத்துருவை மாற்றினான். அம்பு வந்து நிமிர்ந்து நின்றது.

அதற்கு மேலே இருந்த மச்சானின் வரியை அழித்தான்.

கொஞ்ச நேரம் அம்பு வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஃபோனை எடுத்து, அவள் இறந்த அன்று மாலைக்குப் பிறகு தொடாத அந்த உரையாடலைத் திறந்தான். அவள் அனுப்பிய அம்புக்கு மேலே இருந்ததை, ஓர் எழுத்துகூடத் திருத்தாமல், அட்டையில் அம்புக்கு மேலே தட்டினான்.

அச்சுக்குக் கொடுக்கவில்லை. மச்சானுக்கு மட்டும் அனுப்பினான்.

“குளிச்சிட்டு ஹீட்டர அணைச்சியாடா? பதில் போடு. இல்லன்னா நான் பாதில எறங்கி வீட்டுக்குப் போயி பாத்துட்டு வர்றேன்.”