பாலத்தில் நின்ற கார்

ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றியதும் செங்காவி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கூடவே துருவும் உப்புப் பொருக்கும் விழுந்தன.

"நாலு வருஷமா ஷெட்லயே கிடந்த கார். இனிமே ஓடுமா தம்பி?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற டீச்சர்.

"ஓட வைக்கிறேன் டீச்சர்."

துருவைக் கரைக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டான். ஆறிய பிறகு திறந்துவிட்டு மறுபடியும் ஊற்றினான். மற்ற வண்டிக்காரர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டான்.

மூன்றாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. டீச்சரின் கண்கள் கலங்கின.

"அன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிட்டுப் போனேன். பாலத்து மேல இன்ஜின் கொதிச்சு நின்னுபோச்சு. வேற வண்டி வர்றதுக்குள்ள என் மடியிலேயே உயிர் போயிடுச்சு."

மெக்கானிக் நிமிரவில்லை.

"ரேடியேட்டரைக் கழுவணும், ஒரு நாள் காரை விடுன்னு முந்தின வாரம்தான் கேட்டார். ஸ்கூலுக்கு நேரமாகும்னு நான் மாட்டேன்னுட்டேன். கண்ணை மூடினா அந்தப் பாலம்தான் வருது தம்பி. நானே அவரைக் கொன்னுட்டேன்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். அவன் நான்கு வருடமாக அந்தப் பாலத்தில் ஏறுவதில்லை.

"நீங்க இல்ல டீச்சர். அந்த வாரமே ஒருநாள், நீங்க கிளாஸ்ல இருந்தப்போ சார் காரை இங்கதான் கொண்டு வந்தார். ஸ்கூல் விடுறதுக்குள்ள வேணும்னார். நான் புதுத் தண்ணியை மட்டும் ஊத்திட்டு, 'நல்லா கழுவிட்டேன் சார்'னு சொல்லி அனுப்பிட்டேன்."