கோடாரி பார்க்காத இலுப்பை

மலையடிவாரத்தில் ஓர் ஆலையின் புகைபோக்கி இருந்தது. அதற்கு நேர் மேலே, கோயில்காட்டில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அந்தக் காட்டுக்குள் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். கீழே விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூடப் பொறுக்க மாட்டார்கள்.

வெட்டப்பட இருந்த மரத்தைக் காப்பாற்றுகிறவர்கள், அதற்கு ஈடாகக் கூடுதல் புகை விட்டுக்கொள்ளலாம் என்று உலக நாடுகள் கூடி விதி செய்திருந்தன. "அந்த இலுப்பையைக் காப்பாற்றியதே நான்தான்" என்று புகைபோக்கி சொல்லிக்கொண்டது. அது உண்மையா என்று விசாரித்துச் சான்று தர ஓர் அதிகாரிக் கொக்கு வந்தது.

"உங்களை வெட்ட யாராவது வந்தார்களா?" என்று கொக்கு கேட்டது.

"ஒருத்தரும் வந்ததில்லை" என்றது இலுப்பை.

புகைபோக்கி பதறிப்போனது. "பெரியவரே, வந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"என் பெயரைச் சொல்லி நீ விடும் புகை என் இலையில்தானே வந்து படியும், தம்பி?"

கொக்கு தொண்டையைச் செருமியது. "ஆமாம் என்று சொன்னால் ஆலைக்காரர்கள் உங்களைச் சுற்றிலும் வேலி போட்டுத் தருவார்கள். யோசித்துச் சொல்லுங்கள்."

"இங்கே வேலி கேட்டு யார் அழுதது?"

புகைபோக்கிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குபுகுபுவென்று கரும்புகையைக் கக்கியது. "நாளைக்கே கோடாரியோடு ஒருத்தனை அனுப்புகிறேன். அப்போது நான் சொன்னது உண்மையாகிவிடும்!"

இலுப்பை ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை.

"தாராளமாக அனுப்பு. இந்த ஊரில் நீ எவனை அனுப்பினாலும், காட்டு வாசலில் முதலில் செருப்பைக் கழற்றுவான். அதற்கப்புறம் அவனைக் கோடாரியைத் தூக்கச் சொல்லிப் பார்."