இடது கை நட்சத்திரங்கள்

ஜன்னல் கதவைக் கோமு முழுசாகத் திறக்கவில்லை. ஒரு கண்ணுக்குப் போதுமான அளவுதான்.

புளி கரைக்கிற கை அது பாட்டுக்குக் கரைத்தது.

சந்துக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் டீச்சரின் அடுப்படி. மாவு பிசைந்துகொண்டிருந்தது டீச்சர் இல்லை. டீச்சரின் வீட்டுக்காரர், வேதமாணிக்கம் அண்ணாச்சி.

ரிட்டையராகும்வரை பஸ் ஓட்டியவர். குடித்த டம்ளரை அடுப்படிவரை கொண்டுபோய் வைத்தார் என்று சந்தில் ஒருத்தரும் சாட்சி சொல்ல முடியாது.

அந்த மனுஷன் மேல் பூப்போட்ட ஏப்ரன். முதுகில் முடிச்சுப் போட நாடா எட்டவில்லை. துணி காயப்போடுகிற கிளிப் மாட்டியிருந்தார்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

டீச்சர் நாற்காலியில். வலது கை மாவுக்கட்டில், கழுத்திலிருந்து தொங்கியது. வாசலில் ஸ்டார் கட்ட ஸ்டூலில் ஏறினவள் ஸ்டாரோடு கீழே வந்துவிட்டாள்.

ஒடிந்தது கை மட்டுமா?

"என் கை படாத பலகாரம் இந்த வாசலைத் தாண்டாது." வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் தட்டோடு வீடு வீடாக வருகிற பேச்சு. தீபாவளிக்குக் கோடி வீட்டுச் செண்பகம் கொடுத்த அதிரசத்தைக் கையில் வாங்கின உடனே, "கடையில வாங்கினியா, செண்பகம்?" என்று கேட்டவள் டீச்சர். செண்பகத்துக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

இந்த வருஷம் ஐசிங் போட்ட, நட்சத்திர வடிவ சுகர் குக்கீஸ் என்று டீச்சர் ஐப்பசியிலேயே அறிவித்தாயிற்று.

தட்டு வரட்டும் என்று செண்பகம் காத்திருந்தாள்.

முதல் ட்ரே கருகியது. டீச்சர் திரும்பிய நேரம் பார்த்து அண்ணாச்சி இரண்டை வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர்.

இரண்டாவது ட்ரே வெளியே வந்தபோது வெண்ணெய் மணம் சந்து தாண்டி வந்து புளி வாசத்தை அமுக்கியது.

பட்டர் பேப்பர் கூம்பில் வெள்ளை ஐசிங். மருதாணி இடுகிற கூம்பு மாதிரிதான். அண்ணாச்சி அதை ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"மெதுவா. வளைவு வருதுல்லா."

"ஹார்ன் அடிக்கவா?"

கோமு மனசுக்குள் சாயங்காலப் பேச்சு தயாராகிவிட்டது. ஏப்ரன். கிளிப். கருகல். செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் கோடு படிய ஆரம்பித்தது.

நட்சத்திரத்தின் விளிம்போரமாகவே போனது. முனையில் உரசாமல் திரும்பியது. மறுபடி விளிம்பு. அடுத்தடுத்த நட்சத்திரங்களும் அப்படியே. இந்தச் சந்துக்குள் பஸ்ஸையே திருப்பிவிடுவார் போல.

புளித்தண்ணீருக்குள் அவள் கை நின்றுவிட்டது.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கூம்பை இடது கையில் வாங்கினாள்.

கோடு நடுங்கியது. நட்சத்திரத்தை விட்டு வெளியே ஓடி, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது.

டீச்சர் கூம்பைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் தட்டே வேண்டாம்."

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அண்ணாச்சி அந்தக் கோணல் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கத்தி எடுத்தார். தான் போட்ட கோடுகளைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக. அத்தனை அழகையும்.

மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

கூம்பை இடது கைக்கு மாற்றினார். டீச்சருடைய நட்சத்திரத்தைக் கண்முன் வைத்துக்கொண்டார். அது நடுங்கிய இடத்தில் நடுங்கினார். அது ஓடிய இடத்தில் ஓடினார். ஒன்று கொஞ்சம் நேராக வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சுரண்டிவிட்டு மறுபடி போட்டார்.

நேராகப் போடப் பழகியதைவிட இதற்குத்தான் அவருக்கு அதிகம் வேர்த்தது.

மார்கழி ஈரத்தில் ஐசிங் காயவில்லை. டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து ட்ரேக்கு எதிரில் வைத்தார். அந்தச் சத்தத்தில் டீச்சர் எழுந்து வந்தாள்.

ட்ரே நிறையக் கோணல்.

"என்னது இது? எல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒன் இடது கை இப்படித்தானே போடும்?"

டீச்சர் நாற்காலியை ட்ரே பக்கம் இழுத்துப் போட்டாள்.

பிறகு டப்பாவிலிருந்து வெள்ளி நிறச் சர்க்கரை முத்துகளை இடது கையால் அள்ளினாள். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒன்று வைத்தாள். ஒன்றுகூட நடுவில் விழவில்லை.

ஒன்றைக்கூட அவர் நகர்த்தி வைக்கவில்லை.

கோமு ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் தட்டு வந்தது. செண்பகம் தன் தட்டோடு நேரே அவளிடம் வந்துவிட்டாள். ஒரு குக்கீயை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

"ஏ கோமு, இது டீச்சர் கை மாதிரியா இருக்கு? அண்ணாச்சி போட்டிருப்பாரு. எதிர்த்த வீட்டுக்காரி ஒனக்குத் தெரியாமலா?"

ஏப்ரன். கிளிப். கருகல். மூன்றும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

"அவரா? அவருக்குக் கூம்பை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. அம்புட்டும் டீச்சர்தான். ஒத்தைக் கையால. மத்தியானம் பூரா ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

செண்பகம் நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடது கையாலயா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அப்ப அண்ணாச்சி என்ன செஞ்சிட்டிருந்தாரு?"

கோமு தட்டிலிருந்து ஒரு குக்கீயை எடுத்தாள். முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.