உதிரி மல்லி

"இன்னைக்கும் பூவாடா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகனின் கையிலிருந்து இலைப் பொட்டலத்தை முருகம்மாள் வெடுக்கென்று பிடுங்கினாள். அதிலிருந்த உதிரி மல்லியை அப்படியே அள்ளிக் கொண்டுபோய், தன் புருஷன் படத்துக்கு முன்னால் கொட்டினாள்.

"செத்துப்போன மனுசனுக்கு எம்புட்டுப் பூம்மா வைப்ப?" என்று சிரித்தான் சித்தார்த். அறைக்குள் இருந்த மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பேன்ட் பையைத் தட்டிக் காட்டினான். அதில் இன்னொரு பொட்டலம் இருந்தது.

குழந்தையை மடியில் போட்டிருந்த பாண்டிமீனாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கல்யாணமாகி இத்தனை நாளில் ஒரு முழம் பூ வாங்கித் தந்தறியாதவன், இப்போது தினமும் மதுரையில் வேலை முடிந்து சமயநல்லூரில் இறங்கும்போது கையில் பூவோடு இறங்குகிறான். மாமியாருக்குப் பொறாமை வராமல் என்ன செய்யும்?

பிரசவத்துக்குப் பிறகு அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். வயிறு தொய்ந்து, வரி வரியாகச் சுருங்கிக் கிடந்தது. பழைய ஜாக்கெட் எதிலும் கொக்கி மாட்டவில்லை. தலையில் சீப்பை வைத்தால் கொத்தாக முடி வந்தது.

பால் கசிந்து நைட்டி எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். "பால் வாடை தலைய வலிக்குது" என்று சித்தார்த் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "ஏ மீனா, இது யாரு, உன் தங்கச்சியா?" என்றான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய் அழுதாள்.

பூ வர ஆரம்பித்த பிறகுதான் பாய் மறுபடி அறைக்குள் வந்தது. பால் கட்டி மார்பு கல்லாக வலித்த ஒரு நாள், அவனே மல்லிப் பூவைப் பரப்பி, துண்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டான். "சூட்டுக்கு நல்லது. எங்க பக்கத்து வைத்தியம்" என்றான். வலி விட்டது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி பூக்கட்டுத்தான். தாய் இல்லாமல் திருமங்கலத்தில் ஹாஸ்டலிலேயே வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் சொல்லித் தர யார் இருந்தார்கள்? புருஷனே பக்குவம் பார்க்கிறான் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் பால் குறைந்துகொண்டே போனது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. முருகம்மாள் பூண்டை வேகவைத்துத் தந்தாள். பால் சுறா வாங்கிப் புட்டு வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், "புள்ள எளைச்சிருச்சேம்மா, நீ சாப்பிடுறியா இல்லையா?" என்று அதட்டினாள். அழகும் போய், பெற்ற பிள்ளைக்குப் பாலும் இல்லாத தன் உடம்பை நினைத்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாண்டிமீனா குமைந்தாள்.

அந்த வாரம் சித்தார்த்தை அவன் வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியில் மீட்டிங்குக்காகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். வீட்டில் பூ இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பூக்காரி அன்னக்கொடி சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மொழம் தாயி?"

"கட்டுனது வேணாம்க்கா. உதிரியாவே குடுங்க. மார்ல வச்சுக் கட்டத்தான்."

அன்னக்கொடியின் கை நின்றது. குழந்தையை எட்டிப் பார்த்தாள். "புள்ளதான் முழிச்சு முழிச்சுப் பாக்குதே! பெறகு எதுக்கு உனக்கு இந்தப் பூ?"

"சூட்டுக்குத்தான்."

"எவ சொன்னா? புள்ள தவறிப்போன பொம்பளைக்குப் பால் வத்தட்டும்னு கட்டுறதுடி அது! போ, கட்டிருந்தா மொதல்ல அவுத்துப் போடு."

வீடு வரைக்கும் எப்படி நடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் முருகம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மல்லிப் பூவ மார்ல கட்டுனா பால் வத்திருமா?"

முருகம்மாள் தலை நிமிரவில்லை. "வத்திரும்."

"தெரிஞ்சேதான் பேசாம இருந்தீங்களா? பொட்டப்புள்ள பொறந்தன்னைக்கே 'அடுத்தது பேரன்'னு சொன்ன ஆளாச்சே! பால் மறந்தா சீக்கிரம் உண்டாயிருவேன்னு பாத்தீங்களா? மேலுக்குப் பூண்டு அவிச்சுக் குடுத்து நாடகம் வேறயா?"

"கையில கெடைச்சதயெல்லாம் பறிச்சுப் படத்துக்குப் போட்டேனே தாயி."

"வாயத் தொறந்து சொன்னா என்ன? எங்கிட்டச் சொல்ல வேணாம். நான் வந்தவ. அவரு பாவம், ஆம்பளை, அவருக்கு என்ன தெரியும்? பெத்த மகன்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

முருகம்மாள் பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்து, அழுதுகொண்டிருந்த பேத்தியை மருமகளிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்தாள்.

"மொத நாளே சொன்னேன். 'பால் வத்திரும்டா, பச்சப்புள்ள பாவம்டா'ன்னு கையப் புடிச்சுச் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் முருகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'அதுக்குத்தாம்மா வாங்கிட்டு வாரேன்'னான்."