கிளப் வாசலில் தங்கராஜு

"கடைசி நேரத்துல எவனோ ஒரு பேஸ் கிட்டார்காரன் காலை வாரிட்டானாம், பெர்னார்ட். எனக்கு வேற இடத்துல வாசிப்பு. நீ போயேன்லா!" போனில் கெஞ்சினான் இஞ்ஞாசி.

"யாருடா அந்த மடையன்? இவனுங்களால நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு! எந்த பேண்டு?"

"கேக்குறதுக்குள்ள போனை வெச்சிட்டாங்க. செம்பவாங் கப்பல் பட்டறை கிளப், ஏழு மணி."

பெர்னார்டுக்கு எரிச்சல். அன்று மாலை ஜாலான் புசார் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்க டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். ஆனால் போன மாதம் மேடையில் இவனுக்குத் தந்தி அறுந்தபோது, தன் கிட்டாரையே கழற்றிக் கொடுத்தவன் இஞ்ஞாசி. மறுக்க முடியவில்லை.

கொட்டுகிற மழையில், நெரிசலான பஸ்ஸில் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த முகம் தெரியாத மடையனைத் திட்டியபடியே போய் இறங்கினான்.

கிளப் வாசலில் குடையோடு நின்றவரைப் பார்த்ததும் திட்டு நின்றுபோனது.

தங்கராஜு. பெர்னார்ட் வழக்கமாக வாசிக்கும் பேண்டின் தலைவர். சிராங்கூன் ரோட்டில் எல்லாரையும் வேனில் ஏற்றிய பிறகுதான் கச்சேரி எங்கே என்றே சொல்வார்.

அவர் பெர்னார்டின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நூத்திமூணு டிகிரி காய்ச்சல்னு காலையிலதானே போன் பண்ணே? அதுக்குள்ள விட்டுருச்சா?"